ஜாலிக்குப் போதை எடுத்த ஆட்டக்காரரைத் தடை செய்யலாமா?

#1 திடல்_கோச் | சுங்கை சிப்புட்

நேராகவே கேட்டுவிடுகிறேன். தொழில்முறைக் காற்பந்து ஆட்டக்காரர் ஒருவர், ஆட்டம் இல்லாத நாளில், கூட்டாளிகளோடு சேர்ந்து ஜாலிக்குப் போதை எடுக்கிறார். அதனால் அவர் வேகமாக ஓடப்போவதில்லை, ஒரு கோல் கூடுதலாக அடிக்கப்போவதும் இல்லை. அவரைக் காற்பந்துச் சங்கம் தடை செய்யலாமா? கிளப் வேலையை விட்டுத் தூக்கலாமா?

ஸ்டீராய்டு, இபிஓ போன்ற ஊக்கமருந்துகள் பற்றிக் கேட்கவில்லை. ஏமாற்றி ஜெயிக்கப் பார்ப்பவனைத் தாராளமாக வெளியே அனுப்புங்கள்.

ஏன் கேட்கிறேன் என்றால், இங்கே மலேசியாவில் தோட்டத்துப் பையன்களுக்கு மாலையில் பந்து பழக்குகிறேன். அணிக்கு எழுதி வைத்த விதி வேண்டும் என்கிறார்கள் சில பெற்றோர்: போதைப்பொருளில் மாட்டினால் உடனே வெளியே, மறுபடி சேர்க்கவே கூடாது. கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. பெரிய ஆட்டக்காரர்களை என்ன செய்கிறார்கள் என்று தேடிப் பார்த்தேன். 1991இல் நாப்போலியில் மாட்டிய மரடோனாவுக்கு 15 மாதத் தடை. 2004இல் செல்சியின் ஆட்ரியன் முட்டுவுக்கு 7 மாதம். 2015இல் ஹல் சிட்டியின் ஜேக் லிவர்மோருக்கு ஒரு நாள்கூட இல்லை. மூவரிடமும் அகப்பட்டது கொக்கேய்ன்தான்.

என் கட்சி இது: தடை சிறியதாக இருக்க வேண்டும், அதைச் சிகிச்சையோடு கோத்துவிட வேண்டும், கிளப் ஆளைக் கைவிடக் கூடாது. அடிக்க வருகிறவர்கள் வரலாம்.

#2 செம்பனை_வாத்தியார் | சுங்கை சிப்புட்

அடிக்கத்தான் வந்திருக்கிறேன், தம்பி.

தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என் தாத்தா காலத்தில் நிர்வாகமே தோட்டத்துக்குள் கள்ளுக்கடை நடத்தியது. அப்புறம் சம்சு என்ற மலிவுச் சாராயம் வந்தது. அப்புறம் கஞ்சா, ஹெரோயின். பால் மரத்தை, அதாவது ரப்பரை, வெட்டிச் செம்பனை நட்டார்கள், தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள், லயத்து வீடுகளை விட்டுச் சனங்கள் மலிவு அடுக்குமாடிக்குப் போனார்கள். போன இடத்தில் சியாபு (மெத்தாம்பெட்டமின்) காத்திருந்தது. ஒவ்வொரு தடவையும் "ஜாலிக்குத்தானே" என்றுதான் கதை ஆரம்பித்தது. என்னிடம் படித்த பையன்களில் யார் யார் எப்படிப் போனார்கள் என்று நான் எழுத ஆரம்பித்தால் இந்த இழை தாங்காது.

உங்களிடம் ஒரு கேள்வி. லாரி ஓட்டுநர் சிறுநீர்ச் சோதனையில் மாட்டினால் வேலை போகும். அரசாங்கப் பள்ளி ஆசிரியர் மாட்டினால் ஒழுங்கு நடவடிக்கை. பந்து உதைப்பவருக்கு மட்டும் என்ன தனிச் சலுகை? அவர் படத்தைத்தானே பையன்கள் போனில் வைத்திருக்கிறார்கள்? சம்பளம் வாங்கும்போது "நான் முன்மாதிரி", மாட்டிக்கொண்டால் "அது என் சொந்த வாழ்க்கை". இரண்டில் ஒன்றைத்தான் அவர் வைத்துக்கொள்ளலாம்.

#3 பந்து_பைத்தியம் | கிள்ளான்

நம்ம லீக்கில் மாதக்கணக்கில் சம்பளம் பாக்கி. கொக்கேய்ன் வாங்க எந்த ஆட்டக்காரரிடம் காசு இருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அவரைத் தடை செய்ய வேண்டாம், மேனேஜர் ஆக்குங்கள்.

#4 வக்கீல்_தம்பி | ஈப்போ

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். மூன்று தண்டனைகளை ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுகிறோம் என்று நினைக்கிறேன். பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது நாட்டுச் சட்டம். 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 15(1) பிரிவு, போதைப்பொருள் உட்கொண்ட யாருக்கும் பொருந்தும். அதிகபட்சம் 5,000 ரிங்கிட் அபராதம் அல்லது 2 வருடச் சிறை. அதற்குப் பின் ஏஏடிகே, அதாவது தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்தின் கண்காணிப்பு. திரும்பத் திரும்ப மாட்டுகிறவருக்கு 39சி பிரிவு இருக்கிறது, அதில் பிரம்படியும் உண்டு. கடத்தலுக்கான 39பி வேறு உலகம், அதை இங்கே இழுக்க வேண்டாம். ஆகவே ஆட்டக்காரருக்கு "தண்டனையே இல்லை" என்ற பேச்சு நம் நாட்டில் எழவே எழாது. போலீஸ் ரெய்டில் கோல்கீப்பர், மிட்ஃபீல்டர் என்று பார்த்தா சிறுநீர் கேட்கிறார்கள்?

இரண்டாவது விளையாட்டுச் சட்டம். உலக ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனம், அதாவது வாடா, ஒரு பொருளைத் தடைப் பட்டியலில் சேர்க்க மூன்று அளவுகோல் வைத்திருக்கிறது: ஆட்டத்திறனைக் கூட்டுமா, உடம்புக்குக் கேடா, விளையாட்டின் நெறிக்கு விரோதமா. மூன்றில் இரண்டு பொருந்தினால் போதும். அதனால் திறனைக் கூட்டாத பொருளும் உள்ளே வரலாம்.

ஆனால் கொக்கேய்ன், கஞ்சா எல்லாம் "போட்டிக் காலத்தில்" மட்டும்தான் தடை. போட்டிக் காலம் என்பது ஆட்டத்துக்கு முந்தின இரவு 11:59க்குத் தொடங்குகிறது. திங்கட்கிழமை எடுத்ததை வாடா கேட்காது. சனிக்கிழமை ஆட்டம் முடிந்து கொடுக்கும் சிறுநீரில் அதன் மிச்சம் இருந்தால் கேட்கும்.

மூன்றாவது கிளப் ஒப்பந்தம். உண்மையான அடி அங்கேதான் விழுகிறது.

#5 கோல்_மூலை | சிரம்பான்

வக்கீல் சொன்ன மூன்றாவதுக்கு முட்டுவை விட நல்ல சாட்சி கிடையாது. 2003இல் பார்மாவிலிருந்து பெரிய விலைக்குச் செல்சி வாங்கிய ஆள். அடுத்த வருடமே கொக்கேய்னில் மாட்டினார். இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் 7 மாதத் தடையும் 20,000 பவுன் அபராதமும் போட்டது. அது ஒரு தண்டனை, முடிந்தது என்று பார்த்தால் செல்சி அவரை நீக்கியதோடு நிற்காமல், "நாங்கள் கொட்டின பணம் வீண்" என்று ஃபிஃபாவில் வழக்குப் போட்டது. 2008இல் 17 மில்லியன் யூரோவுக்கு மேல் இழப்பீடு கட்டச் சொல்லித் தீர்ப்பு. 2009இல் விளையாட்டு நடுவர் மன்றமும் அதையே சொன்னது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார், 2018இல் அங்கேயும் தோற்றார்.

ஒரு ஜாலிக்கு 17 மில்லியன் யூரோ. கடத்தல்காரனுக்குக்கூட இவ்வளவு அபராதம் போட்டு நான் கேள்விப்பட்டதில்லை.

அதே செல்சியில் அவருக்கு முன் மார்க் போஸ்னிச். ஆஸ்திரேலிய கோல்கீப்பர், மான்செஸ்டர் யுனைடெட்டில் இருந்தவர். 2002இல் சோதனையில் மாட்டினார், 9 மாதத் தடை, கிளப் கழற்றிவிட்டது. அவர் கொக்கேய்னில் முழுகிப்போனது அதற்கு அப்புறம்தான். அவரே பின்னாளில் பேட்டிகளில் வெளிப்படையாகச் சொன்னது இது. திடலுக்குத் திரும்ப 2008 ஆகிவிட்டது, அதுவும் ஆஸ்திரேலிய லீக்கில் கொஞ்ச ஆட்டங்கள். கோச் சொல்வது இதுதான் என்று நினைக்கிறேன். பயிற்சி, குழு, காலையில் எழுந்து போக ஓர் இடம், எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு "இப்போது திருந்து" என்றால் எப்படி?

#6 செம்பனை_வாத்தியார் | சுங்கை சிப்புட்

முட்டுவுக்காகக் கண்ணீர் விடுகிறவர்கள் மீதிக் கதையையும் சொல்ல வேண்டும். அவர் 2005இல் திரும்பி வந்து யுவெந்துஸில் ஆடினார், ஃபியோரெந்தினாவில் கோல் கோலாக அடித்தார். 2010இல் மறுபடி சோதனையில் மாட்டினார், சிபுட்ராமின் என்ற பசியடக்கி மருந்து, 9 மாதத் தடை. இரண்டாவது வாய்ப்பு கொடுத்ததற்கு இதுதான் பலனா?

#7 கோல்_மூலை | சிரம்பான்

ஐயா, அது உடல் இளைக்கிற மருந்து. போதைக்கும் அதற்கும் என்ன உறவு? நடுவில் அஞ்சு வருடம் அந்த ஆள் இத்தாலியில் உயர்மட்டத்தில் ஆடியிருக்கிறார். 7 மாதத் தடைக்குப் பிறகும் ஒருவர் எழுந்து வரலாம் என்பதற்குத்தான் அது சாட்சி. அவருக்கு அடுத்த கிளப் கதவைத் திறந்தது. போஸ்னிச்சுக்குத் திறக்கவில்லை.

#8 கிளினிக்_அக்கா | கோலா கங்சார்

இப்போதுதான் டூட்டி முடிந்து வந்தேன். வாத்தியார் சொன்ன வரிசை உண்மை. ஹெரோயின் காலத்து ஆட்கள் இன்னும் மெத்தடோன் என்ற மாற்று மருந்தை வாங்க வருகிறார்கள். நம் நாட்டில் அது 2005இல் ஆரம்பித்தது. ஆரம்பத்தில் "போதைக்காரனுக்கு அரசாங்கமே மருந்து ஊற்றுகிறதா" என்று கத்தாதவர்கள் கிடையாது. இன்று அவர்களில் பலர் காலையில் மருந்தைக் குடித்துவிட்டு நேரே வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிடுகிறார்கள். தண்டித்து இதைச் சாதிக்கவில்லை, தினமும் ஓர் இடத்துக்கு வரவைத்துச் சாதித்தோம்.

சியாபு அப்படி இல்லை. அதற்கு மெத்தடோன் மாதிரி மாற்று மருந்து கிடையாது. பேச்சு, கண்காணிப்பு, குடும்பம், பொழுதை நிரப்ப ஏதாவது ஒரு வேலை, இவ்வளவுதான் கையில் இருப்பது. அந்த "ஏதாவது ஒரு வேலை" ஒருவனுக்குக் காற்பந்தாக இருந்தால், அதை முதலில் பிடுங்குவது எனக்குப் புத்திசாலித்தனமாகப் படவில்லை.

இன்னொன்று. ஜாலிக்கு எடுப்பவன் எல்லாம் அடிமை இல்லை. ஒரு தடவை எடுத்தவனையும் தினம் எடுப்பவனையும் ஒரே பெட்டியில் போட்டு மூடினால் இருவருக்கும் வேலைக்கு ஆகாது. முதலில் யாராவது உட்காரவைத்துப் பேசிப் பார்க்க வேண்டும்.

#9 வக்கீல்_தம்பி | ஈப்போ

அக்கா சியாபு என்றதும் ஞாபகம் வந்தது. இது பலருக்கும் தெரியாது, ஆனால் நம் ஊர்களுக்கு இதுதான் முக்கியம்.

2021இல் வாடா விதியை மாற்றியது. சமூகத்தில் ஜாலிக்கு எடுக்கப்படும் பொருள்கள் என்று நான்கைத் தனியாகக் குறித்தது: கொக்கேய்ன், ஹெரோயின், எக்ஸ்டசி, கஞ்சாவில் போதை தரும் டிஎச்சி. இவற்றில் மாட்டியவர், போட்டிக்கு வெளியே எடுத்தேன், ஆட்டத்திறனுக்காக இல்லை என்று காட்டினால் தடை 3 மாதம்தான். சிகிச்சைத் திட்டத்தை முடித்தால் 1 மாதமாகக் குறையும். கோச் கேட்ட நியாயம் ஏறக்குறைய அப்படியே விதியில் இருக்கிறது.

சியாபு, அதாவது மெத்தாம்பெட்டமின், அந்த நான்கில் இல்லை. அது ஊக்கிகள் வரிசையில் கடுமையான பக்கத்தில் நிற்கிறது. ஆட்ட நாளில் சிக்கினால் கணக்கு 4 வருடத்திலிருந்து ஆரம்பிக்கும். வெளியில், ஆட்டத்துக்குச் சம்பந்தமில்லாமல் எடுத்தேன் என்று ஆட்டக்காரரே நிரூபித்தால் 2 வருடம். அதற்கும் கீழே இறக்க வாதாட வழி உண்டு, ஆனால் அதற்கு நல்ல வக்கீலும் பணமும் வேண்டும்.

லண்டன் கிளப்பில் பார்ட்டிக்குப் போகிறவர் எடுக்கும் சரக்குக்கு 1 மாதம். நம் பக்கத்துப் பையன் கைக்கு எட்டும் சரக்குக்கு 2 முதல் 4 வருடம். ஆட்டக்காரரின் மொத்தத் தொழில் காலம் எவ்வளவு? பத்துப் பன்னிரண்டு வருடம்.

#10 திடல்_கோச் | சுங்கை சிப்புட்

இதை நான் எங்கேயும் படித்ததில்லை, தம்பி. சலுகையைக்கூடப் பணக்கார நாட்டுப் பழக்கத்தைப் பார்த்துத்தான் அளந்திருக்கிறார்களா?

#11 செம்பனை_வாத்தியார் | சுங்கை சிப்புட்

அவசரப்படாதீர்கள். சியாபு நிஜமாகவே தூக்கத்தையும் களைப்பையும் விரட்டும். இரவு லாரி ஓட்டுகிறவனும் இரட்டை ஷிப்ட் பார்க்கிறவனும் அதற்காகத்தான் அதைத் தொடுகிறான். அப்படியென்றால் 90 நிமிடம் ஓட வேண்டியவனுக்கு அது ஊக்கமருந்துதானே? வாடா கடுமையாக இருப்பதில் எனக்குத் தப்பு தெரியவில்லை.

#12 வக்கீல்_தம்பி | ஈப்போ

ஐயா, கொக்கேய்னும் ஊக்கிதான். அதே வரிசையில்தான் அதுவும் இருக்கிறது. அதற்கு மட்டும் 2021இல் பின்கதவு வைத்தார்கள். இரண்டுக்கும் மூடியிருந்தால் உங்கள் வாதம் நிற்கும்.

#13 செம்பனை_வாத்தியார் | சுங்கை சிப்புட்

அப்படியானால் கொக்கேய்ன் கதவையும் மூடச் சொல்கிறேன். எனக்கு ஆட்சேபம் இல்லை.

#14 பந்து_பைத்தியம் | கிள்ளான்

வாத்தியாரிடம் சமத்துவம் கேட்டால் எல்லாருக்கும் ஒரே ரோத்தான் (பிரம்படி).

#15 மண்டோர்_பேரன் | ஜொகூர் பாரு

ரொம்ப நாளாக இங்கே படிப்பதோடு சரி. இதற்கு மட்டும் எழுதத் தோன்றியது.

என்னோடு 17, 18 வயதில் இளையோர் அணியில் ஆடியவன் ஒருவன். பெயர், அணி எதுவும் வேண்டாம். இடது பக்கம், ரெண்டு கால்களிலும் உதைப்பான். கூட்டாளியின் கல்யாணத்துக்குப் போன இடத்தில் கஞ்சா இழுத்தான். யாரோ போட்டுக் கொடுத்தார்கள். அணியில் சோதனை இல்லை, விசாரணை இல்லை. அடுத்த வாரம் பயிற்சிக்கு வந்தவனிடம் ஜெர்சியைத் திரும்பக் கொடு என்றார்கள். ஏன் என்று அவன் கேட்டதற்கு "உனக்கே தெரியும்" என்றார்கள். அவன் அப்பாவிடமும் யாரும் பேசவில்லை. ஆனால் தோட்டம் முழுக்க அன்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது.

அப்புறம் அவன் திடல் பக்கமே வரவில்லை. பையன்கள் பந்து விளையாடும் நேரத்தில் வேறு கூட்டத்தோடு இருந்தான். மீதியை நான் எழுத வேண்டியதில்லை, வாத்தியாருக்குத் தெரிந்த கதைதான்.

வாடாவின் 2 வருடம் கொடுமை என்று பேசுகிறீர்கள். அதிலாவது தேதி போட்ட தாள் இருக்கிறது, மேல்முறையீடு இருக்கிறது, முடிகிற நாள் இருக்கிறது. நம் ஊரில் கிடைக்கும் தடைக்கு முடிவே கிடையாது.

#16 கோல்_மூலை | சிரம்பான்

பேரன் அண்ணே, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை.

லிவர்மோர் கதையை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். அவருக்குக் குழந்தை பிறந்து இறந்துபோனது. அந்தத் துக்கத்தை யாரிடமும் பேசாமல் உள்ளுக்குள் வைத்திருந்தார். 2015இல் ஓர் ஆட்டத்துக்குப் பின் எடுத்த சோதனையில் கொக்கேய்ன் வந்தது. சங்கம் விசாரித்தது, சூழ்நிலையைப் பார்த்துத் தடை போடவில்லை. கிளப்பும் கைவிடவில்லை. 2017இல் அவர் மறுபடி இங்கிலாந்துக்கு ஆடினார். யாரோ உட்கார்ந்து "ஏன்" என்று கேட்டதால் வந்த முடிவு அது.

இதற்கு நேர் எதிர், பெருவின் பாவ்லோ கெரேரோ. 2017 அக்டோபரில் அர்ஜென்டினாவோடு உலகக் கிண்ணத் தகுதி ஆட்டம். கொக்கேய்ன் உடம்பில் உடைந்து வரும் பொருள் சிறுநீரில் கிடைத்தது. தேநீர் வழியாக உள்ளே போனது என்றார். ஃபிஃபா முதலில் 1 வருடம் என்றது, பிறகு 6 மாதமாகக் குறைத்தது. திறனைக் கூட்டும் எண்ணம் அவருக்கு இல்லை என்று ஒப்புக்கொண்ட அதே நடுவர் மன்றம் 2018 மே மாதம் அதை 14 மாதமாக ஏற்றியது. பிரான்ஸ், டென்மார்க், ஆஸ்திரேலியா அணித்தலைவர்கள் மூவரும் "எங்களுக்கு எதிராக அவர் ஆடட்டும்" என்று கடிதம் எழுதினார்கள். அவரால் தோற்க வாய்ப்புள்ளவர்களே கேட்டார்கள்! கடைசியில் சுவிஸ் நீதிமன்றம் அந்தத் தடையைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்ததால் ரஷ்யாவில் ஆடினார், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக கோலும் அடித்தார். உலகக் கிண்ணம் முடிந்ததும் மீதித் தடையை அனுபவித்தார்.

#17 செம்பனை_வாத்தியார் | சுங்கை சிப்புட்

மண்டோர் பேரனுக்கு: அந்தப் பையனுக்கு நடந்தது அநியாயம். விசாரணை இல்லாமல் ஜெர்சியைப் பிடுங்குவது ஒழுங்கு நடவடிக்கையே ஆகாது. இதை நான் எந்தக் காலத்திலும் ஆதரித்ததில்லை.

ஆனால் ஒரு விஷயத்தை நீங்கள் எல்லாரும் தொடாமல் போகிறீர்கள். 1994, 95இல் நம் லீக்கில் லஞ்ச ஊழல் வெடித்தது ஞாபகம் இருக்கிறதா? ஆட்டத்தை விற்ற ஆட்டக்காரர்களைப் பிடித்தார்கள், தடை செய்தார்கள், சிலரை ஊரை விட்டே வேறு மாவட்டத்துக்கு அனுப்பினார்கள். அரங்குகள் காலியாகின. மொக்தார் டஹாரி, சந்தோக் சிங், ஆறுமுகம் போன்ற நம் தேசிய ஆட்டக்காரர்கள் காலத்தில் வானொலியைக் காதில் ஒட்டிவைத்துக் கேட்ட தலைமுறை நான். எனக்கு அந்த ருசி அன்றோடு போயிற்று. சூதாட்டக் கும்பல் ஆட்டக்காரனை எப்படிப் பிடிக்கிறது? கடனை வைத்து, பெண்ணை வைத்து, போதையை வைத்து. விற்கிறவனிடம் ஒரு வீடியோ இருந்தால் போதும். அடுத்த ஆட்டத்தில் பெனால்டியை வெளியே அடி என்பான். "ஜாலிக்கு எடுத்தான், யாருக்கு என்ன நஷ்டம்" என்ற மாதிரிப் பேசுகிறீர்களே, நஷ்டம் அங்கே இருக்கிறது.

#18 வக்கீல்_தம்பி | ஈப்போ

ஐயா சொன்னதில் இதுதான் கனமான வாதம். ஆனால் அது எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பாருங்கள். மாட்டினால் வாழ்க்கை முடிந்தது என்ற பயம் எவ்வளவு பெரியதோ, அந்த வீடியோவின் விலையும் அவ்வளவு பெரியது. கிளப் மருத்துவரிடம் போய் "நான் எடுத்துவிட்டேன்" என்று சொல்ல ஒரு வழி இருந்தால், விற்கிறவன் கையில் மிரட்ட என்ன இருக்கும்?

#19 கிளினிக்_அக்கா | கோலா கங்சார்

வக்கீல் சொல்லும் வழி எங்கேயும் இல்லாதது இல்லை. ஆஸ்திரேலியாவில் அவர்களுடைய ஓவல் பந்து லீக், ஏஎஃப்எல், 2005இலேயே ஜாலிப் போதைக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. அப்போதைய விதிப்படி, முதல் தடவை மாட்டினால் கிளப் மருத்துவருக்கு மட்டும் தெரியும், ஆலோசனை, சிகிச்சை. அடுத்தடுத்த தடவைகளில்தான் பெயரும் தடையும் வெளியே வரும். பத்திரிகைகள் கிழித்தன, அரசியல்வாதிகள் திட்டினார்கள், "போதைக்காரனை ஒளித்து வைக்கிறார்கள்" என்று. அதில் ஓட்டைகளும் இருந்தன. மருத்துவரிடம் முந்திக்கொண்டு சொல்லிவிட்டுத் தப்புகிறார்கள் என்ற பேச்சும் வந்தது.

என் கவலை வேறு. இந்த இரகசியம் நம் ஊரில் நிற்குமா? எங்கள் கிளினிக் வாசலில் யார் மோட்டார் நிற்கிறது என்று பார்த்தே நோயைச் சொல்லிவிடுவார்கள். பேரன் தம்பி எழுதினது போல அன்று சாயங்காலமே ஊருக்குத் தெரியும். பெரிய கிளப்புக்குப் பொருந்துவது தோட்டத்து அணிக்கு அப்படியே பொருந்தாது.

#20 மூன்று_பிள்ளை_அம்மா | சுங்கை சிப்புட்

என் மகன் திடல் கோச்சிடம்தான் போகிறான். போதையில் மாட்டுகிற பையனை வெளியே அனுப்பும் விதி வேண்டும் என்று கேட்டவர்களில் நானும் ஒருத்தி. ஏன் தெரியுமா? திடலுக்குப் பின்னால் இருட்டில் யார் யார் வந்து நிற்கிறார்கள் என்று எங்கள் வீட்டு ஜன்னலில் தெரியும். ஒரு பையன் எடுக்கிறான் என்று தெரிந்தும் அணியில் வைத்தால், அவனைத் தேடி அந்த ஆட்கள் திடலுக்குள் வருவார்கள். மற்ற பையன்களும் அங்கேதானே இருக்கிறார்கள்?

முட்டு, போஸ்னிச் எல்லாம் யார் என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கு மருத்துவரும் வக்கீலும் இருக்கிறார்கள் என்று மட்டும் புரிகிறது. எனக்கு ஒன்றுதான் வேண்டும். என் மகனைப் பற்றி ஏதாவது தெரிந்தால் கோச் முதலில் என்னிடம் சொல்ல வேண்டும். போலீஸ் சொல்லி நான் தெரிந்துகொள்ளக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரி சொல்லியும் தெரிந்துகொள்ளக் கூடாது.

#21 திடல்_கோச் | சுங்கை சிப்புட்

அக்கா, நீங்கள் எழுதினதுதான் இந்த இழையிலேயே எனக்கு மிகவும் பயன்பட்டது. திடலுக்குப் பின்னால் விளக்குப் போடச் சொல்லி ஊராட்சிக்கு மனு கொடுக்கலாம், கையெழுத்து நான் வாங்குகிறேன்.

பெரிய ஆட்டக்காரர் விஷயத்தில் என் கட்சி மாறவில்லை. வாடாவின் 3 மாதம், சிகிச்சைக்குப் பின் 1 மாதம், அது சரியான அளவு. சியாபுவையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். சங்கம் தண்டித்த பிறகு கிளப்பும் தனியாக ஆளின் கழுத்தை நெரிக்கக் கூடாது. இழப்பீடு கேட்டு வழக்குப் போடுவது தண்டனை இல்லை, வியாபாரம்.

நம் அணிக்கு நான் எழுதி வைத்திருப்பது இது. திருத்தம் சொல்லுங்கள்.

ஒருவன் எடுத்தான் என்று சந்தேகம் வந்தால் முதலில் பெற்றோரிடம் நானே நேரில் பேசுவேன், வேறு யாரிடமும் இல்லை. உறுதியானால் மூன்று மாதம் ஆட்டம் கிடையாது, ஆனால் பயிற்சிக்குக் கட்டாயம் வர வேண்டும், வராவிட்டால்தான் பெயரை எடுப்போம். அந்த மூன்று மாதத்தில் ஆலோசனைக்குப் போக வேண்டும், கிளினிக் அக்கா வழி காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். மற்றப் பையன்களுக்குக் கொடுத்தாலோ விற்றாலோ அன்றே வெளியே, பேச்சே இல்லை. இரண்டாவது தடவை மாட்டினால் பெற்றோர் கூட்டம் முடிவு செய்யும்.

#22 வக்கீல்_தம்பி | ஈப்போ

"உறுதியானால்" என்றால் எப்படி? நீங்களே கிட் வாங்கிச் சோதிக்கப் போகிறீர்களா? 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள். பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் யாரிடமும் சிறுநீர் கேட்காதீர்கள். கடையில் வாங்கும் கிட் தப்பாகவும் காட்டும், சில இருமல், சளி மருந்துக்கே கோடு விழும். கிளினிக்கில் மறுசோதனை செய்யாமல் ஒருவனைக் குற்றவாளி ஆக்கக் கூடாது என்று ஒரு வரி சேருங்கள்.

#23 பந்து_பைத்தியம் | கிள்ளான்

கோச்சுக்கும் சோதனை உண்டா? உண்டு என்றால் கிட் செலவில் பாதியை நான் அனுப்புகிறேன். காமெடி இல்லை, நிஜமாகவே அனுப்புகிறேன்.

#24 திடல்_கோச் | சுங்கை சிப்புட்

உண்டு. முதல் கிட் எனக்கு. வக்கீல் தம்பி சொன்ன வரியையும் சேர்த்துவிட்டேன்.

#25 செம்பனை_வாத்தியார் | சுங்கை சிப்புட்

விற்றால் அன்றே வெளியே, பெற்றோரிடம் முதலில் பேசுவது, மறுசோதனை, மூன்றுக்கும் சம்மதம். மூன்று மாதம் போதாது, ஒரு பருவம் முழுக்க ஆட்டம் கிடையாது என்று போடுங்கள். இரண்டாவது தடவைக்குக் கூட்டம் எதற்கு, எழுதி வைத்த தண்டனை வேண்டும். கூட்டம் என்றால் செல்வாக்குள்ள வீட்டுப் பையன் தப்புவான், இல்லாத வீட்டுப் பையன் மாட்டுவான். இந்த ஊரில் எத்தனை கூட்டம் பார்த்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் கூட்டத்துக்கு வருகிறேன். அந்த இரண்டு வரிகளுக்கும் எதிராகத்தான் கை தூக்குவேன், இப்போதே சொல்லிவிட்டேன்.